முடங்கிய விரல்கள் தந்த பார்வை

மருத்துவத்திற்கு விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல் பொறியியலுக்கோ அறிவியலுக்கோ வந்தவர்கள் நம் ஸ்கூடாய் வளாகத்தில் பலர் உண்டு. விரும்பிய கதவு அடைபட்டதை எண்ணி இன்னும் மனம் சோர்ந்திருப்போரும் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய வாழ்க்கை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமியின் வாழ்க்கை.

அவர் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரம் எனும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆற்று மணலில் எழுதிப் படித்த தலைமுறை அது. உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்குதான் சோதனை வந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948-இல் இராணுவத்திலிருந்து விலக நேர்ந்தது. விரல்கள் கோணிப் போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடானது. மகப்பேறு மருத்துவக் கனவு கலைந்தது.

அவர் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். 1951-இல் பட்டயமும் 1954-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். தம் வாழ்நாளில் அந்தக் கைகளாலேயே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1973-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

1976-இல், 58-ஆம் வயதில் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் உடன்பிறந்தோரின் துணையுடன் 11 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் பின்பற்றிய மகான் ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்திலேயே ஏழைகளுக்கும் இலவச சிகிச்சை நடந்தது.

பொறியியல் பயிலும் நாம் கவனிக்க வேண்டியது அவர் வகுத்த முறையை. ஒரே விதமான உணவை ஊர்தோறும் தரும் மெக்டோனல்ட்ஸ் நிறுவனத்தின் ஒழுங்கு அவரைக் கவர்ந்தது. ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போது, பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று மற்ற வேலைகளைக் கவனிக்க, மருத்துவரின் நேரம் வீணாகவில்லை. இறக்குமதியான செயற்கைக் கண்வில்லைகளை ஏழைகளால் வாங்க இயலவில்லை. ஆகவே 1992-இல் ஆரோலேப் தொழிற்கூடம் உருவானது. மலிவு விலையில் வில்லைகள் கிடைத்தன. இதில் மருத்துவர்களோடு தொழில்நுட்பம் கற்றோரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

திருமணம் செய்துகொள்ளாமல் பணியிலேயே வாழ்ந்த அவர், 2006 ஜூலை 7-இல் மறைந்தார்.

கண் மருத்துவராக விரும்பும் தம்பி தங்கையருக்கு நீண்ட பாதை காத்திருக்கிறது. மருத்துவப் பட்டம், பயிற்சி மருத்துவர் பணி, அதன் பிறகு சிறப்புப் படிப்பு எனப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அந்த வாய்ப்பு அமையாதவர்களும் தளர வேண்டாம். டாக்டர் வெங்கடசாமி முதலில் விரும்பிய துறை கண் மருத்துவம் அன்று. கிடைத்த துறையில் அவர் ஊன்றி நின்றதால்தான் இலட்சக்கணக்கானோர் மீண்டும் உலகைப் பார்த்தனர். நமக்குக் கிடைத்த துறையிலும் நாம் அப்படி ஊன்றி நிற்போம்.