மண்ணறிந்து விதைத்த மகான்

எங்கள் ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர்கள் மண்ணையும் மழையையும் பார்த்துத்தான் விதையைத் தூவுவார்கள். விசுவாச விதையை அப்படி மண்ணறிந்து விதைத்தவர் புனித அருளானந்தர்.

1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்து, அரண்மனையில் இளவரசருடன் வளர்ந்தவர் அவர். சேசு சபைக் குருவாகி 1673-ல் கோவா வந்தார். மறு ஆண்டே, எங்கள் மலைக்குத் தென்கிழக்கேயுள்ள செஞ்சிச் சீமையை அடைந்தார். தமிழ் கற்றார், காவி உடுத்தார், புலால் மறுத்தார். எல்லாக் குலத்தாரும் தம்மிடம் வரவேண்டும் என்பதற்காகப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். நிலத்தைக் குறை கூறாமல் தம்மையே மாற்றிக்கொண்ட இத்தோட்டக்காரரை எங்களுக்கு மிகவும் பிடிக்கிறது.

1686-ல் மறவ நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டு வதைக்கப்பட்டார். விடுதலையானபின் ஐரோப்பா சென்றார். போர்த்துகல் மன்னர் தங்கச் சொல்லியும் கேளாமல் 1690-ல் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் இளம்பயிருக்கு நீர் வார்த்தவர்கள் உபதேசியார்களே!

விதைத்தால் போதுமா? களையெடுக்க வேண்டாமா? நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்ட தடியத்தேவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்று சொன்னால் ஆபத்து வரும் என்று அருளானந்தருக்குத் தெரியும். ஆயினும் சொன்னார். விலக்கப்பட்ட பெண்களின் வேதனையையும் நாங்கள் மறக்கவில்லை. அவர்களுள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினள். அவள் அரண்மனையில் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார்.

1947-ல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. இன்றும் ஓரியூருக்குச் செல்வோர் அங்குள்ள செம்மண்ணைப் பயபக்தியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.