கணக்கிலும் கடவுளுக்குப் பயந்தவர்: ஜே.சி. குமரப்பா



குழுக் கூட்டம் முடியும்போது சேமிப்பை எண்ணி, ரொக்கப் புத்தகத்துல ஏத்தி, தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நாம எழுந்திருக்கிறோம். அஞ்சு ரூபாய் இடிச்சாலும் அது எங்கே போச்சுன்னு தெரியாம வீட்டுக்குப் போறதில்லை. இந்தக் கணக்கு வேலையையே ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமாக நினைத்து வாழ்ந்த ஒருவர் நம் தஞ்சாவூரில் பிறந்தார். அவர்தான் ஜே.சி. குமரப்பா. கிராமத் தொழில்தான் ஏழைகளைக் காப்பாற்றும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். நம்ம கூட்டமைப்பு மலரில் அவர் வாழ்க்கையைப் படிப்பது பொருத்தம்தானே.

1892 ஜனவரி 4-ஆம் தேதி ஒரு வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். சில காலம் அங்கேயே வேலை பார்த்தார். திரும்பி வந்து பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம், வெள்ளைக்காரர்களோடு பழக்கம். அப்போது அவரைப் பார்த்த யாரும் இவர் ஒருநாள் சாணி மெழுகின தரையில் உட்காரப் போகிறார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1927-இல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர், அதையே ஆராய்ச்சியாகச் செய்யச் சொன்னார். தணிக்கைக்காரர் இல்லையா? அரசாங்கத்தின் வரவு செலவையே எடுத்து வைத்துப் பார்த்தார். ஏழை விவசாயி கட்டுகிற வரி பட்டாளத்துக்கும் பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போவதைக் கண்டார். அந்த ஏழையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதுவரை வெள்ளையர் ஆட்சியை நல்லது என்று நம்பியிருந்தவரின் மனதை மாற்றியது எந்த மேடைப் பேச்சும் இல்லை, கணக்குப் புத்தகம்தான்.

ஊர் திரும்பியதும் கொர்னேலியஸ் என்பதை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை வைத்துக்கொண்டார். பெயரை மாற்றினாரே தவிர மதத்தை மாற்றவில்லை. கடைசிவரை இயேசுவை நம்பியே வாழ்ந்தார்.

1929 மே மாதம் தன் ஆராய்ச்சியைக் காட்டுவதற்காகச் சபர்மதி ஆசிரமம் போனார். பட்டு உடுப்பு, கையில் தடி. ஒரு மரத்தடியில் மெழுகின தரையில் ஒரு வயசாளி நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா பேசாமல் தடியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவரே நீங்கதான் குமரப்பாவா என்று விசாரித்தபோதுதான் அவர் காந்தி என்பது புரிந்தது. உடனே அந்தப் பட்டு உடுப்போடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று உட்கார்ந்தவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போகவில்லை. கதர் கட்டினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்தில் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுப்பது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக விசாரித்தார். என்ன விளையுது, எவ்வளவு கடன், வரி கட்டின பிறகு அடுப்பெரிக்க என்ன மிஞ்சுதுன்னு கேட்டு எழுதினார். இன்றைக்கு நம்ம குழுக்கள் குடும்ப விவரம் எடுக்கும்போது செய்வதும் இதே வேலைதான்.

அந்தக் காலத்தில் நாடு இரண்டு பட்டு நின்றது. ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் மக்கள். நடுவில் மாட்டியவர்கள் இந்தியக் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரனின் மதத்துக்காரர்கள் என்று வெளியே சந்தேகப் பேச்சு. அரசாங்கத்தை எதிர்ப்பது வேதத்துக்கு விரோதம் என்று உள்ளே சபைப் பெரியவர்கள் பலரின் போதனை. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, கையில் ஒன்றும் இல்லாத தொண்டர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அன்பைப் போதிக்கிற திருச்சபை இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கலாம் என்று குமரப்பா வெளிப்படையாகக் கேட்டார். கல்கத்தாவில் இருந்த தலைமை பிஷப்போடு எழுத்திலேயே வாதம் செய்தார். திருச்சபை மேல் கோபப்பட்டு அவர் இயேசுவை விடவில்லை. இயேசுவை நம்பியதால்தான் திருச்சபையைக் கேள்வி கேட்டார். காந்தி சிறையில் இருந்தபோது அவருடைய பத்திரிகையையும் நடத்தினார். அதற்காகத் தானும் சிறை போனார்.

சொந்த சபையைக் கேள்வி கேட்டவர், சொந்தத் தலைவரை விட்டாரா? அதுவும் இல்லை. அதுதான் பீகாரில் நடந்த கதை.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் இறந்துபோனார்கள். நாடு முழுக்க இருந்து நிவாரணப் பணம் குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் இருந்த நிவாரணக் குழுவில் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு 3 அணா, அதற்கு மேல் கிடையாது என்று வரம்பு வைத்தார். அப்போது பூகம்பப் பகுதிகளைப் பார்க்கக் காந்தி தன் ஆட்களோடு வந்தார். காந்தியின் சாப்பாடு பழமும் ஆட்டுப்பாலும். அது 3 அணாவில் அடங்காது. குமரப்பா நேராகக் காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் போய், உங்கள் ஆட்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

செய்தி காந்தி காதுக்குப் போனது. கூப்பிட்டு விசாரித்தார். இது பூகம்பத்தில் வீடு இழந்தவர்களுக்காக மக்கள் கொடுத்த பணம், வேறு எதற்கும் தொடக்கூடாது என்று குமரப்பா விளக்கினார். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டார். நாட்டுக்கே தலைவர், தனக்குக் குரு மாதிரி. ஆனாலும் பொதுப்பணம் என்று வந்துவிட்டால் குமரப்பாவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இருந்து குமரப்பாதான் அதை நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், சோப்பு. இன்று நம்ம குழுக்கள் கண்காட்சியில் விற்கிற பொருள்கள்தான் இவை. மில்லில் தீட்டிய அரிசி வெள்ளையாக இருந்தாலும் சத்துத் தவிட்டோடு போய்விடுகிறது என்றார். நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போய்விடுகிறது என்றார். ஒரு பொருளை வாங்கும்போது அதைச் செய்தவரின் வயிறு நிறைகிறதா என்று பார்ப்பதும் பக்தியில் சேர்ந்ததுதான் என்பது அவர் எண்ணம்.

1942 போராட்டக் காலத்தில் மறுபடியும் நீண்ட சிறைவாசம். ஜபல்பூர் சிறையில் இருந்தபடியே இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது, மற்றது நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். பொருளாதாரப் புத்தகத்தில் மனிதரின் பிழைப்பை மிருகம், பறவைகளை வைத்து விளக்கினார். புலி அடித்துத் தின்கிறது. குரங்கு யாரோ வளர்த்த தோப்பில் பழம் பறிக்கிறது. தேனீ தன் கூட்டத்துக்கே சேர்த்து உழைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தாய்ப்பறவை. கைம்மாறு எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நாடும் அந்தத் தாய்ப்பறவை மாதிரி இருக்கணும்னு அவர் ஆசைப்பட்டார். அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் அவர் வாய் மூடவில்லை. நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த காங்கிரஸ் குழுவுக்குத் தலைவராக இருந்தார். உழைக்கிறவருக்கே நிலம் சேர வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. பழைய நண்பர்களே ஆட்சியில் இருந்தாலும், கிராமத்தை மறக்கிறார்கள் என்று பட்டபோது அதையும் சொன்னார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி மறைந்தார். காந்தி இறந்ததும் ஜனவரி 30-தான்.

சகோதரிகளே, நம்ம கூட்டமைப்பில் கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, பள்ளிவாசல் தெருக்காரங்க எல்லாரும் இருக்கோம். தேர்தல் வந்தாலோ திருவிழாவில் தகராறு வந்தாலோ ஊர் இரண்டாகப் பிரியுது. நேத்து வரை பக்கத்துல உட்கார்ந்தவங்க முகம் கொடுத்துப் பேசாம போறாங்க. அந்த நேரத்துல உள்கடன் கேட்டு வர்றவங்க எந்தத் தெரு, எந்தச் சாமி கும்பிடுறவங்கன்னு பார்க்கத் தோணும். நம்ம ஆளு தவணை கட்டலைன்னா கண்டுக்காம விடவும் தோணும்.

அப்போ குமரப்பாவை நினைச்சுக்குவோம். ஜெபத்தை அவர் விடவில்லை. அந்த ஜெபத்தை வைத்து யாரையும் ஒதுக்கவும் இல்லை. தன் சபையின் தப்பைத் தன் வாயாலேயே சொன்னார். தன் தலைவரின் செலவையும் ஊர்ப் பணத்தில் எழுத மறுத்தார். அடுத்த கூட்டத்தில் பொதுநிதியில் இருந்து ஒரு டீச்செலவை எழுதும்போதுகூட, இது யார் கொடுத்த பணம், எதுக்காகக் கொடுத்த பணம்னு ஒரு தடவை கேட்டுக்கிட்டு எழுதுவோம்.