ராமானுஜனும் ஒரு கைடு புத்தகமும்

மலர்க் குழு நண்பர்கள் ஒரு கட்டுரை வேணும்னு கேட்டபோது, விடுதிக் கதைகளைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால், விடுதிக் காலத்தில் நான் சாக்குச் சொல்லப் பயன்படுத்திய ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். கணித மேதை ராமானுஜன்.

பி.எஸ்சி. கணிதம் முதல் வருடத்தில், துணைப்பாடமான வேதியியலில் எனக்கு அரியர் விழுந்தது. ஊருக்குப் போய், ராமானுஜனே காலேஜ்ல ஃபெயில் ஆனவருதானுங்கப்பா என்றேன். மஞ்சக்காட்டில் தண்ணி கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. ஃபெயிலாகறப்போ அவரு வேற என்ன பண்ணீட்டு இருந்தாருன்னு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்ததும் நம் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடியதில் சேர்ந்ததுதான் இது.

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ஆம் தேதி. நம் பக்கத்து வழக்கில் சொன்னால் அமுச்சி வீட்டுப் பிரசவம். தாய்வழித் தாத்தா ஈரோட்டுக் கோர்ட்டில் அமீனா வேலை பார்த்தவர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். இப்படி ஈரோடும் நாமக்கல்லும் நம்முடையவை என்றாலும், பையன் வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில். அப்பா அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆகையால் முழுப் பெருமையும் கொங்குக்கே என்று மல்லுக்கட்ட மாட்டேன்.

புத்தகம் வாங்கும் வசதி அந்த வீட்டில் கிடையாது. வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்கள் சிலரை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த அண்ணன்மார் மூலமாகத்தான் லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் புத்தகம் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். சைன், கோசைன் பற்றித் தானே ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சந்தோஷப்பட்டு, அது ஆய்லர் எப்போதோ கண்டது என்று தெரிந்தவுடன், வெட்கப்பட்டு அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தாராம். ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பையனின் சங்கடம் இது. கிராமத்திலிருந்து வந்த நம்மில் பலருக்குப் புரியும்.

முக்கியமான புத்தகம் வந்தது 1903-இல். அப்போது பள்ளி இறுதி வகுப்பு. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நண்பர் எடுத்துக் கொடுத்தார். எழுதியவர் ஜார்ஜ் கார். உலகம் கொண்டாடிய கணித மேதையா என்றால் இல்லை. லண்டனில் டியூஷன் எடுத்தவர். தாமே கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அதுவும் இரண்டாம் வகுப்பில். மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்யத் தொகுத்த முடிவுகளை 1880-களில் அச்சிட்டார். வரிசை எண் 6165 வரை போகும். சூத்திரம், சூத்திரம், மறுபடியும் சூத்திரம். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புத்தான். வெளிப்படையாகச் சொன்னால் அது ஒரு கைடு!

வேறு பையன் என்றால் மனப்பாடம் செய்திருப்பான். ராமானுஜன் ஒவ்வொரு வரியையும் தனக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டார். நிரூபணம் இல்லாததே அவருக்கு வாசலாகிவிட்டது. ஒன்றை நிறுவப் போய் அதிலிருந்து புதிதாக இரண்டு பிறக்கும். காகிதம் விலை அதிகம் என்பதால் வேலையெல்லாம் சிலேட்டில். முழங்கையால் அழித்து அழித்துப் போட்டு, கடைசி முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். நோட்டைத் திறந்தால் கார் புத்தகத்தின் சாயல் அப்படியே இருக்கும்.

இதனால் வந்த நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 1904-இல் அதே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவருக்கு, கணிதம் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகை போயிற்று. புத்தகத்தைக் கொடுத்ததும் அந்தக் கல்லூரி நூலகம், உதவித்தொகையை நிறுத்தியதும் அந்தக் கல்லூரி. கல்லூரியைத் திட்ட எனக்கு மனமில்லை, விதி அப்படி இருந்தது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. வேலையில்லாத வருடங்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கார் புத்தகம் அந்தக் காலத்துக்கே பழசு. ஐரோப்பாவில் கணிதம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அது தெரியாமல், ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றையே திரும்பக் கண்டுபிடிப்பதில் அவருடைய நல்ல வருடங்கள் பல கழிந்தன. 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் பகா எண்களைப் பற்றிச் சொன்னது பிசகானதற்கும், கலப்பெண் சார்புகளைப் பற்றி அவர் படிக்காததே காரணம். அந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் ஒரு புத்தகம்தான், ஹார்டி எழுதிய சிறு நூல்.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் கொடுத்தார் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். அவரே அப்படி நம்பினார், அதில் கைவைக்க நான் யார்? ஆனால் கனவு காணும் முன்பு ராத்திரி பகலாகச் சிலேட்டில் தேய்த்த பையனை நாம் மறந்துவிடுகிறோம். அவர் படிக்காத மேதை இல்லீங்க. கிடைத்ததையெல்லாம் படித்தவர், போதுமான அளவு கிடைக்காதவர்.

1914-இல் கப்பலேறியதும், 1918-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நோயோடு 1919-இல் திரும்பியவர், அந்த வருடம் இரண்டு மாதம் போல எங்கள் கொடுமுடியில் காவிரிக் கரையில் தங்கியிருந்தார். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆடிப்பெருக்குக்கு வருடாவருடம் போய்க் குளித்த ஊர், ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. பிறகு கும்பகோணம், பிறகு சென்னை. 1920 ஏப்ரல் 26-இல் முப்பத்திரண்டு வயதில் காலமானார். கடைசி நாட்கள் வரை படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அகப்பட்டன. அதிலும் முடிவுகள்தான், நிரூபணம் இல்லை. பழைய நோட்டுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் தேடித் தொகுத்த அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டின் ஐந்து தொகுதிகள், 1985 தொடங்கி 1998 வரை வெளிவந்தன.

அரியரை அடுத்த தேர்வில் முடித்துவிட்டு ஊருக்குப் போனபோது, அப்பாவிடம் கார் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த பொஸ்தகம் உங்க காலேஜ்ல இருக்குதான்னு கேட்டார். அன்றைக்கு இல்லை. பல வருடம் கழித்து அதன் மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். எனக்கு நாற்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இந்தச் சந்திப்புக்கு வரும்போது அதை எடுத்து வந்து நூலகரிடம் கொடுக்கிறேன். கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டாமல், கேட்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.