போர்ட் பிளேரில் இருந்த கொசு டாக்டர்

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ வேலை கிடைத்துப் புறப்படுகிறவர்களில் பலர், பாஸ்போர்ட், விசாவோடு ஒரு மஞ்சள் அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சி அது. பெயரைக் கேட்டு மஞ்சள் காமாலை என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. இது கொசு கடித்து வருகிற நோய்.

கொசுவா காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று டாக்டர்களே சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்தியவர்களில் முக்கியமானவர், சில காலம் போர்ட் பிளேரில் உத்தியோகம் பார்த்தவர். அவர்தான் சர் ரொனால்டு ராஸ்.

1857-ம் ஆண்டு மே 13-ந் தேதி இமயமலை அடிவாரத்து அல்மோராவில் அவர் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைப்பதற்காகத்தான் அடுத்த ஆண்டே அந்தமானில் கைதிகள் குடியிருப்பு தொடங்கியது. தகப்பனார் ராணுவ அதிகாரி. பையனுக்குப் பாட்டு, ஓவியம், கவிதை என்று ஆசை. தகப்பனாருக்கோ மகனை டாக்டராக்க வேண்டும் என்று ஆசை. தகப்பனாரே ஜெயித்தார். லண்டனில் படித்து முடித்து 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராஸ், முதலில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று சென்னை.

தொட்டித் தண்ணீர்

1883-ல் பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியைப் பார்த்தார். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் காலி செய்யலாமே என்று அவர் சொன்னபோது, இயற்கையின் ஏற்பாட்டில் கைவைக்கக் கூடாது என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் மறுத்துவிட்டார். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட ராஸுக்கே அப்போது தோன்றவில்லை.

1885-ல் மூண்ட பர்மா போருக்குப் பிறகு அவர் அந்தமானுக்கு வந்தார். இந்தத் தீவுகளுக்கு அதற்கு முன்பே கெட்ட பெயர். 1789-ல் சாத்தம் தீவில் ஆங்கிலேயர் முதல் குடியிருப்பை அமைத்தார்கள். பிறகு அதை வடக்கே மாற்றினார்கள். நோயும் சாவும் தாங்காமல் 1796-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். 1858-ல் மறுபடி வந்தபோதும் காய்ச்சல் காத்திருந்தது. சதுப்பு நிலத்து விஷக்காற்றுதான் காரணம் என்பது அக்காலத்துக் கொள்கை.

ராஸும் அதையொட்டியே நினைத்தார். போர்ட் பிளேர் கரையில் நடந்தார், நோயாளிகளைப் பார்த்தார், ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டார், கதை எழுதினார். விடை அவரைச் சுற்றியே பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு சொல்லக் கிறிஸ்டோபர்ஸ் என்ற இன்னொரு டாக்டர் வரவேண்டியிருந்தது. கடலோரத்து உப்பு கலந்த தேக்க நீரில் வளரும் ஒருவகை அனோபிலிஸ் கொசுதான் அந்தமானில் மலேரியாவைப் பரப்புகிறது என்றும், அதனால்தான் கரையையொட்டிக் காய்ச்சல் அதிகம் என்றும் 1912-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. 2004 சுனாமியில் தாழ்ந்துபோன தெற்கு அந்தமான் நிலங்களில் உப்புநீர் தேங்கியபோது சுகாதாரத் துறையினர் கவலைப்பட்டதும் இதே கொசுவை நினைத்துத்தான்.

கடிக்கு ஓரணா

மலேரியாக் கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்று பிரெஞ்சு டாக்டர் லாவரான் 1880-லேயே கண்டிருந்தார். ராஸ் அதை நெடுநாள் நம்பவில்லை. 1894-ல் லீவில் லண்டன் போனபோது பாட்ரிக் மேன்சன் என்ற பெரிய டாக்டர் அவரை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்துக் காட்டினார். கொசுவுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற யோசனையையும் கொடுத்தார். மனிதர் அன்றிலிருந்து மாறிவிட்டார்.

திரும்பி வந்து செகந்திராபாத்தில் ஆயிரக்கணக்கில் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். பிடித்ததெல்லாம் வேறு ஜாதிக் கொசு, ஒன்றும் கிடைக்கவில்லை. 1897-ல் ஊட்டிக்குப் போனவர், சீகூர் மலைப்பாதையில் கல்லட்டியில் தங்கியபோது அவருக்கே மலேரியா கண்டது. ஆகஸ்ட் மாதம் மறுபடி செகந்திராபாத். விசிறி போட்டால் அறுத்துவைத்த கொசு பறந்துவிடும் என்று பங்காவை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, ஒரு கொசு கடிக்கு ஓரணா கூலி வாங்கிக்கொண்டு உடம்பைக் காட்டினார். ஆகஸ்ட் 20-ந் தேதி, புள்ளி இறகுள்ள ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில், லாவரான் சொன்ன கிருமியின் கருநிறத் துகள்கள் தெரிந்தன. இன்று உலகக் கொசு தினம் என்று கொண்டாடுவது இந்த நாளைத்தான்.

கண்டுபிடித்தவரை மேலதிகாரிகள் மலேரியா நோயாளியே அகப்படாத ராஜபுதனத்து ஊருக்கு மாற்றினார்கள்! பின்னர் கல்கத்தாவில் இடம் கிடைத்தது. அங்கே பறவைகளை வைத்துச் சோதித்தார். 1898 ஜூலையில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதையும், கடிக்கும்போது அடுத்த உடம்புக்குள் இறங்குவதையும் நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு வந்தது. கூலிக்கு உடம்பைக் கொடுத்த ஹுசேன் கானும், கல்கத்தாவில் கூடவே உழைத்த முகமது பக்ஸும் பரிசுப் பட்டியலில் இல்லை.

குணத்தில் ராஸ் எளிதான மனிதர் அல்ல. இத்தாலிய விஞ்ஞானி கிராஸியோடு யார் முதலில் என்று ஓயாமல் சண்டை போட்டார். அரசாங்கம் தனக்குத் தகுந்த பணம் தரவில்லை என்ற மனக்குறை கடைசிவரை இருந்தது. தன் கடிதங்களையும் குறிப்புகளையும் 1928-ல் 2,000 பவுனுக்கு விற்றார். ஆனால் பட்டம் பெற்று வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சியரா லியோன், சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா, பனாமா, நம்மவர்கள் கரும்புத் தோட்டத்தில் உழைக்கப் போன மொரீஷியஸ் என்று போய், தண்ணீர் தேங்கவிடாதே என்றே சொல்லிவந்தார்.

மஞ்சள் அட்டை வந்த விதம்

மஞ்சள் காய்ச்சலுக்கும் கொசுதான் காரணம் என்று கியூபா டாக்டர் பின்லே 1881-லேயே சொல்லியிருந்தார், கேட்பார் இல்லை. ராஸின் வெற்றிக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பு வந்தது. 1900-ல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் கியூபாவிலேயே அதை நிரூபித்தார்கள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்து பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அது. நம் ஊரில் டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான்.

சிக்கலே அங்குதான். கொசு இந்தியாவில் நிறைய இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் கிருமி மட்டும் இல்லை. பனாமா கால்வாய் திறந்தால் கப்பல் வழியே கிருமியும் வந்துவிடுமோ என்று 1914-க்கு முன்பே இந்திய சர்க்கார் பயந்தது. ராஸ் 1932 செப்டம்பர் 16-ந் தேதி காலமானார். ஐந்து ஆண்டு கழித்து, 1937-ல், மாக்ஸ் தீலர் குழுவினர் உயிருள்ள கிருமியையே வலுவிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தார்கள். தீலருக்கு 1951-ல் நோபல் பரிசு. இன்றும் போடுவது அந்த வழியில் வந்த ஊசிதான்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலை முதல் ஒரு ஊசியே ஆயுளுக்கும் போதும் என்று விதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது தாண்டியவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நோயுள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் ஆறு நாள்வரை தனியே வைத்துவிடுவார்கள். வீண் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள், 2016-ல் அங்கோலாவில் வேலைபார்த்துச் சீனாவுக்குத் திரும்பியவர்களின் கதையைக் கேட்க வேண்டும். அவர்களில் 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருந்தது. நல்லவேளையாக அங்கே அது பரவவில்லை.

ராஸ் துரத்திய மலேரியாவுக்கோ ஊசி வர வெகுகாலம் ஆயிற்று. 2021-ல் ஒன்றையும், 2023-ல் புனேயில் தயாராகும் இன்னொன்றையும் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்தது. இரண்டும் மலேரியா உள்ள நாடுகளின் குழந்தைகளுக்கானவை. அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இன்னும் மாத்திரையும் கொசுவலையும்தான்.