நெவில் பிரான்சிஸ் சேம்பர்லேன்

சர் நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன் (ஜனவரி 13, 1856 – மே 28, 1944) பிரித்தானிய இராணுவ அதிகாரியும் ஸ்னூக்கர் விளையாட்டை உருவாக்கியவரும் ஆவார். இவ்விளையாட்டின் விதிகள் நீலகிரியில் உள்ள உதகமண்டலத்தில் வரையறுக்கப்பட்டன. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஆர்தர் நெவில் சேம்பர்லேன் (1869–1940) வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.

இளமையும் இராணுவப் பணியும்

இங்கிலாந்தில் பிறந்த இவரது தந்தையும் இந்தியப் படையில் பணியாற்றியவரே. சேம்பர்லேன் 1873 இல் இராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் ஆங்கில-ஆப்கான் போரில் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் கீழ்ப் பணியாற்றிக் காயமுற்றார். ராபர்ட்ஸ் 1881 இல் சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதியானபோது சேம்பர்லேனும் உடன் வந்தார். கோடைக்காலங்களை உதகமண்டலத்தில் கழிக்கும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

ஸ்னூக்கர்

1875 இல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாத அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் பொழுது போக்கினர். அப்போது வழக்கிலிருந்த பந்தயச் சூதாட்டம் ஒன்றில் சேம்பர்லேன் வேறு வண்ணப் பந்துகளையும் சேர்த்தார். ஸ்னூக்கர் என்பது பயிற்சிப் பள்ளியின் முதலாண்டு மாணவரைக் குறித்த கொச்சைச் சொல். ஆட்டத்தில் தவறிய ஒருவரை அவ்வாறு கேலி செய்த சேம்பர்லேன், இவ்வாட்டத்தில் அனைவரும் புதியவர்களே என்று சமாதானமும் கூறினார். அப்பெயரே நிலைத்தது.

உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882 அளவில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. வாய்வழக்காக இருந்த ஆட்டம் அதன் பின்னரே எவரும் சரிபார்க்கக்கூடிய ஆட்டமாயிற்று. இன்றைய தொழில்முறைப் போட்டிகளில் அப்பொறுப்பு நடுவருடையது. அடிக்க வேண்டிய பந்து மறைக்கப்பட்ட நிலையில், ஆட்டக்காரர் அதைத் தொட உண்மையாகவே முயன்றாரா என்று முடிவு செய்வது அவரது கடினமான பணிகளுள் ஒன்று. பந்துகளை முந்தைய இடத்தில் மீண்டும் வைக்கத் தொலைக்காட்சிப் பதிவின் துணையும் நாடப்படுகிறது. நடுவரின் தீர்ப்பு பார்வையாளர் கண்முன்னே சோதிக்கப்படுவது இதனால்தான்.

1885 இல் கல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்த பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் ஆட்டத்தை அறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

அயர்லாந்தில்

1900 இல் அயர்லாந்து அரச காவல்படையின் தலைமை ஆய்வாளரானார். 1903 இல் சர் பட்டம் பெற்றார். 1916 ஈஸ்டர் எழுச்சியை விசாரித்த அரச ஆணையத்திற்கு இந்தியாவின் முன்னாள் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு தலைமை தாங்கினார். ஆணையம் முதன்மைப் பொறுப்பை அமைச்சர் பிர்ரெல் மீது சுமத்தியது. காவல்படை மீது குற்றம் காணவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே சேம்பர்லேன் பதவி விலகினார்.

உரிமை குறித்த விவாதம்

ஸ்னூக்கர் வேறிடத்தில், குறிப்பாக வூலிச் இராணுவப் பயிற்சிப் பள்ளியில், தோன்றியதென்ற கருத்தும் நிலவியது. எண்பது வயதைக் கடந்த சேம்பர்லேன் 1938 இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தன் உரிமையை நிலைநாட்ட முற்பட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்பதால் இது எளிதாக இல்லை. ஆயினும் அக்காலத்தில் உடனிருந்த அதிகாரிகள் சிலர் அவர் கூற்றை உறுதிப்படுத்தினர். 1939 இல் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி இதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்குப் பின் அவரது உரிமை பரவலாக ஏற்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து ஆஸ்காட்டில் காலமானார்.