பழைய கேரவனில் சீட் பெல்ட் மாற்றுவது ஏன் சுலபமில்லை? பதில் சொல்லும் நில்ஸ் போலின் கதை

ஐரோப்பாவில் 25, 30 வருஷப் பழைய மோட்டார்ஹோம்களை வாங்கி ஊர் சுற்றுபவர்கள் நிறைய பேர். படுக்கை, கிச்சன், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். சினிமா ஷூட்டிங்கில் நாம கேரவன்னு சொல்ற வண்டி மாதிரிதான்.

இந்த வண்டிகளில் டிரைவர் சீட்டில் தோள் பெல்ட் இருக்கும். பின்னால், சாப்பாட்டு மேசையை ஒட்டிய சீட்டில் பல வண்டிகளில் இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டும்தான். சிலதில் அதுவும் கிடையாது. அப்போ கடையில் புது பெல்ட் வாங்கி நாலு போல்ட் போட்டால் வேலை முடிஞ்சதா? முடியாது. ஏன் முடியாது என்பதற்கான பதில், 1959-ல் ஸ்வீடன் இன்ஜினீயர் ஒருவர் வரைந்த வரைபடத்தில் இருக்கு. அவர் பெயர் நில்ஸ் போலின்.

யார் இவர்?

1920 ஜூலை 17-ல் ஸ்வீடனின் ஹார்னோசாண்ட் நகரில் பிறந்தவர். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1942-ல் சாப் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய முக்கிய வேலை எஜெக்‌ஷன் சீட். அதாவது, விமானம் விழப்போகும் நேரத்தில் பைலட்டை சீட்டோடு வெளியே தூக்கி எறியும் அமைப்பு. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மனித உடம்பு எவ்வளவு விசையைத் தாங்கும், எந்த இடத்தில் தாங்கும் என்பதை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான்.

1958-ல் வால்வோ தலைவர் குன்னார் எங்கெலாவ் அவரை கார் பாதுகாப்பு இன்ஜினீயராக அழைத்துக்கொண்டார். விமானத்தில் மனிதரை வேகமாக வெளியே அனுப்பியவருக்கு, காரில் மனிதரை சீட்டிலேயே பிடித்து வைக்கும் வேலை!

பக்கிள் எங்கே இருக்கணும்?

சீட் பெல்ட் அப்போதே இருந்தது. ஆனால் இடுப்புப் பட்டை மட்டும் போட்டால், மோதும்போது மேல் உடம்பு கத்தி மாதிரி முன்னால் மடங்கும். தலை போய் இடிக்கும், வயிறும் முதுகெலும்பும் அடிபடும். குறுக்குப் பட்டை மட்டும் போட்டால், உடம்பு கீழே நழுவும். விலா எலும்புப் பக்கம் இருக்கும் பக்கிளே உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். மூன்று முனைகளில் மாட்டும் பெல்ட்டையும் அமெரிக்காவில் போலினுக்கு முன்பே முயற்சி செய்திருந்தார்கள். அதில் பக்கிள் நடு வயிற்றில் இருந்தது.

போலின் செய்தது பார்க்க ரொம்ப சின்ன மாற்றம். இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் வந்து சேரும் இடத்தை சீட்டுக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே கொண்டு போனார். இரண்டு பட்டைகளும் தரையைப் பார்த்த 'வி' மாதிரி நிற்கும். மோதும்போது பட்டை நகராது. விசை முழுவதும் இடுப்பு எலும்பு, மார்புக்கூடு என்ற உறுதியான இடங்களில் இறங்கும்.

இன்னொரு விஷயத்தையும் அவர் யோசித்தார். உயிர் பிழைக்க பைலட் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வார், காரில் போகிறவர் ஒரு நிமிஷ அசௌகரியத்தைக்கூட பொறுக்க மாட்டார். அதனால் ஒரே கையால், சட்டென்று மாட்டும்படி வடிவமைத்தார். வரைபடத்தை விட இந்தப் புரிதல்தான் பெரிசுன்னு தோணுது.

1959 ஆகஸ்ட் 13-ல் இந்த பெல்ட்டோடு முதல் வால்வோ பிவி 544 கார் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் டெலிவரி ஆனது. 1962-ல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. ஆனால் வால்வோ அதைப் பூட்டி வைத்துக் காசு பார்க்கவில்லை. எந்த கார் நிறுவனமும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

அப்பவும் பலர் நம்பவில்லை. 1967-ல் போலின், ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளின் கணக்கை முன்வைத்தார். மணிக்கு சுமார் 96 கி.மீ.க்குக் குறைவான வேகத்தில், இந்த பெல்ட் போட்டிருந்த ஒருவர்கூட இறக்கவில்லை. போடாதவர்களில் குறைந்த வேகத்திலும் உயிரிழப்பு இருந்தது. 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் பெல்ட் அணிவதைச் சட்டமாக்கியது. பல நாடுகள் பின்னால் வந்தன.

சரி, பழைய மோட்டார்ஹோமில் என்ன சிக்கல்?

போலின் வடிவமைப்பில் வேலை செய்வது துணிப்பட்டை மட்டும் இல்லை, அதைப் பிடித்திருக்கும் மூன்று இடங்களும்தான். ஐரோப்பிய விதிப்படி கார் பெல்ட் ஆங்கரைச் சோதிக்கும்போது, தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் சுமார் 1,350 கிலோ எடைக்கு இணையான விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். பழைய மோட்டார்ஹோமின் பின்சீட் பெரும்பாலும் மரச்சட்டமும் பிளைவுட்டும்தான். அதில் போல்ட் போட்டு புது பெல்ட் மாட்டினால், மோதலில் பெல்ட் அறுபடாது, சீட்டே பிய்ந்துகொண்டு வரும்.

தோள் பட்டைக்கு மேலே ஒரு ஆங்கர் வேணும். மெல்லிய பக்கச் சுவர் அதற்குத் தாங்காது. அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் சீட்டுக்குள் ஒரு இரும்பு ஃபிரேமை வைத்து, அதை சேஸிஸோடு இணைக்கிறார்கள். பெல்ட் அதற்குப் பிறகுதான். செலவில் பெரும்பகுதி இந்த ஃபிரேமுக்கே போகும். பெல்ட் விலை கொஞ்சம்தான். தண்ணீர் டேங்க், கேஸ் குழாய் எல்லாம் அதே சீட்டுக்கு அடியில் இருந்தால் வேலை இன்னும் கூடும்.

பக்கவாட்டில் பார்த்த நீள சோபாவில் பெல்ட் போட்டுக்கலாமா? இந்தப் பெல்ட்டின் கணக்கே, ஆள் முன்னால் பார்த்து உட்கார்ந்து, முன்னால் தூக்கி எறியப்படுவதை வைத்துப் போட்டது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் அதே பட்டை வயிற்றையும் கழுத்தையும் வெட்டும். வண்டி ஓடும்போது அந்த சோபாவை காலியா விடுறதுதான் நல்லது. நூல் பிரிந்த பட்டை, ஒருமுறை விபத்தில் இழுபட்ட பெல்ட், இரண்டையும் முழுசா மாற்றணும்.

போலின் பிறகு வால்வோவின் ஆராய்ச்சிப் பிரிவில் பக்கவாட்டு மோதலில் இருந்து காப்பது பற்றியும் வேலை செய்தார். 1985-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஜெர்மன் பேட்டன்ட் அலுவலகம், முந்தைய 100 ஆண்டுகளின் மிக முக்கியமான 8 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இந்த பெல்ட்டைத் தேர்வு செய்தது. இதனால் பிழைத்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்பது வால்வோவின் மதிப்பீடு.

2002 செப்டம்பர் 21-ல், 82 வயதில் ஸ்வீடனில் போலின் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்க்கும் விழா நடந்ததும் அதே நாளில்தான்.