அடிக்குறிப்பு எழுதிய அடிகளார்

என் மேசையறையில் ஒரு பழைய குறிப்புப் புத்தகம் இருக்கின்றது. 1979ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அமர்ந்து, நம்மூர் அச்சுக்கூடமொன்றில் வெளியான பழைய நூலொன்றிலிருந்து இரண்டு பக்கங்களை அதிற் பார்த்தெழுதிக் கொண்டேன். மேலே நூலின் பெயரையும், விய வருடப் பதிப்பு என்பதையும் மட்டும் குறித்தேன். பதிப்பித்தவர் பெயரை எழுதவில்லை. பக்க எண்ணையும் எழுதவில்லை. நூல் எங்கே போய்விடப் போகின்றது, வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது என் நினைப்பு. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கி நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு அதுவும் சாம்பலாயிற்று.

சில ஆண்டுகளின் பின் ஆய்விதழொன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். கையெழுத்துப்படி திரும்பி வந்தது. அந்த இரு பக்கங்களையும் நான் ஆதாரமாகக் காட்டிய இடத்தில் சிவப்பு மையால் வினாக்குறி இட்டு, பதிப்பாசிரியர் யார், எந்த இடம், எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்று கேட்டிருந்தார்கள். விய வருடம் 1886இலும் வந்தது, 1946இலும் வந்தது. நூல் கையில் இருந்தால் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இனி யாரைக் கேட்பது? குற்றம் முழுவதும் என்னுடையது.

அந்த மனத்தாங்கலோடு இருந்த நாட்களிலேதான் தனிநாயக அடிகளாரின் வாழ்க்கையை வேறொரு கண்கொண்டு நோக்கத் தொடங்கினேன். தமிழ்த் தூதர் என்று மேடைதோறும் அவரைப் போற்றுகின்றோம், அது தகும். ஆயினும், உசாத்துணைப் பட்டியலும் அடிக்குறிப்பும் எழுதிய அடிகளாரைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. அவரோடு நேரிற் பழகும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. நூல்கள் வழியே அறிந்ததைத்தான் எழுதுகின்றேன்.

ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னிலே 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அவர் பிறந்தார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பது இட்ட பெயர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிற் பயின்று, கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவக் கல்வி பெற்று, 1938இல் குருவானார். பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த அவருக்குத் தமிழிலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி அதுவரை இல்லை. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே ஆசிரியராக அமர்ந்தபோதுதான் அங்கிருந்த பண்டிதர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்தார். இருபத்தேழு வயதின் பின் பாடங்கேட்கத் தொடங்கிய ஒருவர் அவ்வளவு தூரம் சென்றார் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அதன்பின் அவர் மேற்கொண்ட உலகப் பயணத்தில் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி வழிவந்ததே என்று பிறநாட்டார் பலர் எண்ணியிருந்தனர். தமிழ் தொன்மையானது என்று நாம் ஆயிரம் முறை முழங்கினாலும் அவர்கள் கேட்பது ஒன்றே: எங்கே இருக்கின்றது, காட்டுங்கள். அதற்கு விடையாகவே 1952இல் தமிழ்ப் பண்பாடு எனப் பொருள்படும் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார்.

நிற்க. சான்று காட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் நம் பழைய முறை வேறு. ‘என்ப’ என்ற ஒரு சொல்லால் முன்னோர் அனைவரையும் சுட்டிவிடுவர் இலக்கண ஆசிரியர். உரையாசிரியர்கள் பாடலை எடுத்துக்காட்டுவார்கள். அது எந்த நூற் பாடல் என்று பலவிடத்தும் சொல்லார். கேட்கும் மாணாக்கனுக்கு அது மனப்பாடமாக இருக்கும் என்பது அவர்கள் துணிவு. பாரிசிலோ பிராகிலோ இருந்து படிப்பவருக்கு அந்தத் துணிவு உதவாது. புறநானூறு 192 என்று எழுதினால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்தப் பாடலைத் தேடி எடுத்துவிடலாம். கணியன் பூங்குன்றனாரின் அப்பாட்டை உலகறியச் செய்தவர்களுள் அடிகளார் முதன்மையானவர்.

இந்த வேலையில் நமக்கே உரிய இடர்கள் சில உண்டு. மேனாட்டார் பட்டியலிற் குடும்பப் பெயர் முன்னே வரும்; நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதில் ‘சி’ சிறுப்பிட்டி என்ற ஊர், ‘வை’ தந்தையாரின் பெயர். எதை முன்னே வைப்பது? அடிகளாரின் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் நூலகத்தார் எழுதுகின்றனர். இதைக் கண்டு நான் சிரித்ததுண்டு.

ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த தமிழ் நூல்களை அவர் தேடிய தேட்டமே அவர் வாழ்வின் சுவைமிக்க பகுதி. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு நூல், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தருவது. அதனைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். முதன்முதல் அச்சான தமிழ் நூல்களைப் பற்றி 1958இல் தம் இதழிலே எழுதினார். அந்தாவோ தெ புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியை ஒளிப்படமாக்கி 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். இருக்கின்றது என்று சொல்லிவிட்டு வாளாவிருக்கவில்லை. வேறொருவர் பார்க்கும்படி கையிற் கொடுத்தார்.

பேராதனையிற் கல்வித்துறையிலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையிலும் அவர் பணியாற்றினார். 1964 ஜனவரியில் புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இற் கோலாலம்பூர், 1968இற் சென்னை, 1970இற் பாரிசு, 1974இல் நம் யாழ்ப்பாணம் என மாநாடுகள் நிகழ்ந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாட் துயரத்தை அறியாதார் இங்கு இல்லை; அதை ஈண்டு விரிக்கவில்லை.

முதல் மாநாடு நிகழ்ந்த அதே 1966இல் வெளிவந்தது தமிழியல் நூல்களுக்கு அவர் தொகுத்த உசாத்துணை வழிகாட்டி. ஆங்கிலம் முதலிய பிறமொழிகளில் தமிழைப் பற்றி வெளியான நூல்களின் பட்டியல் அது. கொழும்பில் ஒரு நூலகத்தில் அதை முதலில் எடுத்தபோது ஐந்து நிமிடத்தில் மூடிவிட எண்ணியிருந்தேன். மாலைவரை இருந்துவிட்டேன். ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியான இடம், ஆண்டு, அடுத்த நூல், மீண்டும் அதே வரிசை. பட்டம் பல பெற்று, பல நாடுகளிற் பேசிப் புகழ் கொண்டவர், ஒரு குமாஸ்தாவைப் போல் அமர்ந்து இதைச் செய்திருக்கின்றார். நானோ இரண்டே பக்கங்களுக்குச் செய்யவில்லை.

அடிகளார் 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே காலமானார். சரியாக ஒன்பது மாதங்களின் பின் நூலகம் எரிந்தது. அவர் அதைக் காணவில்லை.

என் கட்டுரை பின்னர் அந்த ஆய்விதழிலேயே வெளியாயிற்று, அந்த இரு பக்கங்கள் இல்லாமல். அவற்றை நீக்கியதனால் கட்டுரையின் முடிவையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஏதேனும் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் அந்த நூலின் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று ஊரூராகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றேன்.